சான் பிரான்சிஸ்கோவ நடந்தே சுத்திப் பாக்கணும்னா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஊர்ல இருந்து அப்பா அம்மா, மாமனார் மாமியார், கூடப் படிச்சவங்கன்னு யாரு சான் பிரான்சிஸ்கோவச் சுத்தி நாங்க இருக்குற பே ஏரியாவுக்கு வந்தாலும் ஒரு சனிக்கிழமை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிட்டுப் போயே ஆகணும். நிறைய பேரு கார்ல போறாங்க, கோல்டன் கேட் பாலத்துக்கிட்ட ஒரு போட்டோ, வளைஞ்சு வளைஞ்சு போற லம்பார்ட் தெருவுல ஒரு ரவுண்டு, கடற்கரைப் பக்கம் ஒரு ஐஸ்கிரீம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறாங்க. அப்படிப் போனா அந்த ஊர பாத்ததாவே எனக்குத் தோணல. ஊரே குத்துமதிப்பா 7 மைலுக்கு 7 மைல்தான், அதுக்குள்ள நாப்பதுக்கு மேல குன்று. சொந்தக்காரங்களக் கூட்டிட்டு நான் பல தடவ நடந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் போறதுக்கு முன்னாடி அவங்க கேட்ட கேள்விங்களத்தான் இங்க சேத்து எழுதுறேன்.

கார் இருக்கே, எதுக்கு நடக்கணும்?

அங்க இருக்குற அழகான பாதி எடத்துக்குக் கார் போகாதுங்க, அதான் முதல் காரணம். தெரு நேரா போயிட்டே இருக்கும், திடீர்னு ஒரு சுவரு, அதுக்கு மேல படிக்கட்டு. மேப்ல பாத்தா அதுவும் தெருதான், பேரு கூட அதே பேருதான், ஆனா படியில ஏறித்தான் போகணும். ரெண்டு பக்கமும் வீடு, வீட்டு வாசலே படியில இருந்துதான், பூச்செடி, பூனை, கொஞ்சம் திரும்பிப் பாத்தா கீழ கடல். கார்ல போறவங்க இத எல்லாம் பாக்க வழியே இல்ல.

ரெண்டாவது காரணம் பார்க்கிங். எடம் கெடைக்கிறதும் கஷ்டம், கெடைச்சாலும் சரிவுல நிறுத்தினா முன் சக்கரத்த நடைபாதைப் பக்கமோ ரோட்டுப் பக்கமோ சரியாத் திருப்பி வைக்கணும், இல்லன்னா ஃபைன். கண்ணாடிய உடைச்சு பைய எடுத்துட்டுப் போறதும் நடக்குது, எங்களுக்கே ஒரு தடவ நடந்துச்சு, உள்ள இருந்தது மாமியாரோட மருந்துப் பை மட்டும்தான். வேற ஊர்ல மருந்துக்கு அலைஞ்ச அந்த ராத்திரிய நான் மறக்கவே மாட்டேன். அதுலேர்ந்து நாங்க ரயில்தான். ஃப்ரீமான்ட் பக்கம் இருந்தா பார்ட், சன்னிவேல் பக்கம் இருந்தா கால்ட்ரெயின், உள்ளூர்ல முனி பஸ், எல்லாத்துக்கும் கிளிப்பர் கார்டு ஒண்ணே போதும்.

ரோடெல்லாம் ஏன் இப்படி செங்குத்தா போட்டு வச்சிருக்காங்க?

நம்ம ஊர்ல மலைக்கு ரோடு போட்டா வளைச்சு வளைச்சுத்தான் போடுவாங்க, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இங்க அந்த யோசனையே இல்ல. 1847ல ஜாஸ்பர் ஓ'ஃபாரல்னு ஒரு சர்வேயர் ஊருக்குப் பெரிய அளவுல வரைபடம் போட்டாரு, சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமா, மலை இருக்கா பள்ளம் இருக்கான்னு பாக்காம நேர்கோடா. அடுத்த வருஷமே கலிபோர்னியாவுல தங்கம் கெடைச்சுது, ஆயிரம் பேரு இருந்த ஊருக்கு ஆயிரம் ஆயிரமா சனம் வந்து எறங்குச்சு, வித்த மனை எல்லாம் வித்தாச்சு, அதுக்கப்புறம் யாரு கோட்ட மாத்துறது. குதிரை வண்டி ஏற முடியாத எடத்துல தெருவ அப்படியே விட்டுட்டாங்க, ஜனங்க நடக்கப் படி கட்டிக்கிட்டாங்க. இன்னிக்கு நாம ரசிக்கிற படிக்கட்டு எல்லாம் அப்படி வந்ததுதான்.

ஹைட் தெருவுக்கும் லெவன்வொர்த் தெருவுக்கும் நடுவுல ஃபில்பர்ட் தெரு இருக்கு பாருங்க, அங்க சரிவு 31.5 சதவீதம். அதாவது படுக்கையா 100 அடி போனா 31 அடிக்கு மேல ஏத்தம். மேல நின்னு பாத்தா முன்னாடி ரோடே தெரியாது, விளிம்பு மாதிரி இருக்கும். இந்த மாதிரி தெருவுல நடைபாதையிலயே படி வெட்டியிருப்பாங்க, அதுல நடங்க.

இன்னொரு விஷயம், மார்க்கெட் தெரு ஊர குறுக்கா வெட்டிட்டுப் போகும். அதுக்கு வடக்க ஒரு கட்டம், தெக்க வேற கோணத்துல ஒரு கட்டம், கட்டத்தோட அளவும் வேற. அதைத் தாண்டினதும் திசை கொழம்பும், எல்லாருக்கும் கொழம்பும், பயப்படாதீங்க.

மேப்ல அரை மைல்னு தான் காட்டுது, பத்து நிமிஷம் ஆகுமா?

சமதளத்துல ஆகும். இங்க தூரத்த நம்பாதீங்க, ஏத்தத்தப் பாருங்க. கூகுள் மேப்ல நடக்குற வழியப் போட்டா கீழ ஏத்த இறக்கத்த ஒரு கோடு மாதிரி காட்டும், எவ்வளவு அடி ஏறணும்னும் எழுதியிருக்கும், அத மொதல்ல பாத்துட்டு அப்புறம் கெளம்புங்க. ஒரு தெரு தள்ளிப் போனாலே ஏத்தம் பாதியாக் கொறையுற எடம் நிறைய இருக்கு. பழனியில படி வழியா நேரா ஏறுறவங்களும் இருக்காங்க, யானைப்பாதை வழியா சுத்தி ஏறுறவங்களும் இருக்காங்க இல்லையா, அதே கதைதான், இங்க யானைப்பாதைய நாமதான் தேடிக்கணும்.

சைக்கிள்காரங்க அப்படித் தேடிக் கண்டுபிடிச்ச ஒரு வழி இருக்கு, பேரு விகிள். மார்க்கெட் தெருவுல டுபோஸ் பக்கத்துல ஆரம்பிச்சு, இங்க ஒரு திருப்பம் அங்க ஒரு திருப்பம்னு குன்றுக்கு நடுவுல பள்ளத்தாக்காவே போயி கோல்டன் கேட் பார்க்குக்கு முன்னால இருக்குற பான்ஹேண்டில்ல விடும். நடக்குறவங்களுக்கும் அது ரொம்ப சுகம்.

அம்மாவுக்கு மூட்டு வலி, கூட்டிட்டுப் போலாமா?

தாராளமாப் போலாம், ஆனா ஒரு தப்ப நான் பண்ணேன், நீங்க பண்ணாதீங்க. ஏறுறதுதான் கஷ்டம்னு நெனச்சு அம்மாவ பஸ்ல மேல ஏத்திட்டு, படியில எறக்கிக் கூட்டிட்டு வந்தேன். மறுநாள் காலைல அம்மாவால கால மடக்கவே முடியல. ஏறும்போது வேலை மூச்சுக்கு, இறங்கும்போது வேலை முட்டிக்கு. அதனால மூச்சு வாங்குறவங்க, இதயத்துல பிரச்சனை இருக்குறவங்க பஸ்ல ஏறி நடந்து இறங்கலாம். முட்டி வலி இருக்குறவங்களுக்கு நேர் எதிரு, பத்துப் படிக்கு ஒரு தடவ நின்னு நின்னு ஏறிட்டு இறங்குறதுக்கு பஸ்ஸப் பிடிங்க. ரெண்டும் இருந்தா படிக்கட்டே வேணாம், கீழ சமதளமான நடை சொல்லியிருக்கேன். முனியில ஒரு தடவ டிக்கெட் தட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள வேற பஸ் மாறிக்கலாம், அதனால நடுவுல நடுவுல பஸ் ஏற யோசிக்கவே வேண்டாம். முன்னாடி சீட்டு வயசானவங்களுக்குத்தான், கேக்காமலே எழுந்து குடுப்பாங்க.

முதல் தடவ வர்றேன், ஒரே ஒரு நடைன்னா எது?

டெலிகிராஃப் ஹில். யோசிக்காம சொல்லுவேன்.

வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காகிட்ட 39ஆம் நம்பர் பஸ் பிடிச்சா காயிட் டவர் வாசல்லயே விட்டுடும். 1933ல கட்டின கோபுரம், 210 அடி. லிலி காயிட்னு ஒரு அம்மா, தீயணைப்பு வீரங்க மேல அவ்வளவு பாசம் வச்சிருந்தவங்க, ஊர அழகுபடுத்தச் சொல்லி விட்டுட்டுப் போன பணத்துல கட்டினது. மேல போக டிக்கெட், ஆனா கீழ் தளத்துல சுத்தி இருக்குற சுவரோவியம் சும்மாவே பாக்கலாம், அத விட்டுடாதீங்க. 1934ல பொருளாதாரம் படுத்துக் கெடந்தப்போ ஓவியருங்களுக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்து வரையச் சொன்னது. பழம் பறிக்கிறவங்க, துறைமுகக் கூலிங்க, லைப்ரரில பேப்பர் படிக்கிறவங்கன்னு எல்லாம் சாதாரண ஜனங்க. எங்க அப்பா விவசாயி, அந்தப் பழத்தோட்டத்துப் படத்துக்கு முன்னால அர மணி நேரம் நின்னாரு, பறிக்கிறவங்க கைய எப்படி வச்சிருக்காங்கன்னு எனக்கு வெளக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் கோபுரத்துக்குக் கிழக்க ஃபில்பர்ட் படிக்கட்டு வழியா இறங்குங்க. பாதில கிரேஸ் மார்ச்சன்ட் தோட்டம்னு வரும். 1950 வாக்குல அந்தச் சரிவு முழுக்க குப்பை மேடு, அங்க குடிவந்த அந்த அம்மா குப்பைய அள்ளிட்டு செடி வைக்க ஆரம்பிச்சாங்க, அவங்க போனப்புறமும் அக்கம்பக்கத்துக்காரங்க பாத்துக்கிட்டு வர்றாங்க. பக்கத்துலயே நேப்பியர் லேன்னு ஒரு சந்து, தார் கிடையாது, கல்லு கிடையாது, மரப்பலகை போட்ட சந்து, நடந்தா டக்கு டக்குன்னு சத்தம் வரும். மக்கள் குடியிருக்குற எடம், கொஞ்சம் மெதுவாப் பேசிட்டுப் போங்க. மரத்துல கீச் கீச்னு பெரிய சத்தம் கேட்டா நிமிந்து பாருங்க, பச்சை உடம்பு சிவப்புத் தலை கிளிக்கூட்டம், வளத்த கிளிங்க எப்பவோ தப்பிச்சுப் போயி காட்டுக்கிளியாவே பெருகிடுச்சு.

கீழ இறங்கிட்டுத் திரும்பிப் பாத்தா மலையோட கிழக்குப் பக்கம் மொட்டைப் பாறையா வெட்டி விட்ட மாதிரி இருக்கும். வெட்டினதுதான். அந்தக் காலத்துல கல்லு எடுக்க அந்தப் பக்கத்தக் குடைஞ்சிருக்காங்க. அங்கேர்ந்து கடலோரமா நடந்தா ஃபெரி பில்டிங், 1898ல திறந்தது, நல்ல காபி, உக்கார பெஞ்சு, கழிப்பறை எல்லாம் இருக்கு. மொத்தமா ரெண்டு மணி நேரம், போட்டோ எடுக்குறவங்க கூட வந்தா மூணு.

கேபிள் கார்ல ஏறணுமா?

ஒரு தடவ ஏறுங்க. பழனி வின்ச் பாத்திருப்பீங்க, அதுல பெட்டிய இரும்புக் கயித்தோட கட்டியே வச்சிருப்பாங்க. இங்க அப்படி இல்ல. ரோட்டுக்கு அடியில ஒரு சந்துல கயிறு பாட்டுக்கு மணிக்கு 9.5 மைல் வேகத்துல ஓடிட்டே இருக்கும், வண்டில ஒருத்தர் பெரிய இரும்பு நெம்புகோலப் பிடிச்சுட்டு நிப்பாரு, அத இழுத்தா வண்டி கீழ இருக்குற கயித்தக் கவ்வும், வண்டி நகரும், கயித்த விட்டுட்டு பிரேக் போட்டா நிக்கும். எல்லாம் கை பலம்தான். 1873ல ஆண்ட்ரூ ஹாலிடின்னு ஒருத்தர் க்ளே தெருவுல மொதமொதல்ல ஓட்டிக் காட்டினாரு, மழையில குதிரைங்க ஏத்தத்துல வழுக்கி விழுந்து செத்ததப் பாத்து வந்த யோசனைன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம்தான் பணக்காரங்க மலை உச்சிக்கே குடிபோனாங்க, நாப் ஹில்லு அப்படித்தான் பணக்கார மலையாச்சு. அந்த நாப் கூட நம்ம நவாப்ல இருந்து போன வார்த்தைன்னு சொல்றாங்க, கேட்டா சந்தோஷமா இருக்கு.

பவல் தெரு முனையில க்யூ ரொம்ப நீளம், சில நாள் ஒரு மணி நேரம் கூட நிக்கணும். கலிபோர்னியா தெரு லைன்ல கூட்டம் கம்மி, ஏத்தமும் நல்லா இருக்கும். டிக்கெட் சாதாரண பஸ்ஸ விட ரொம்ப அதிகம், ரெண்டு மூணு தடவ ஏறப் போறீங்கன்னா விசிட்டர் பாஸ்போர்ட் வாங்கிடுங்க, பஸ்ஸும் அதுல அடக்கம். வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சேருற எடத்துல கேபிள் கார் மியூசியம் இருக்கு, இலவசம், அந்தப் பெரிய சக்கரங்க சுத்தி ஊர் முழுக்கக் கயித்த இழுக்குறத நேர்லயே பாக்கலாம். அங்கேர்ந்து இறக்கத்துலயே சைனாடவுன் போயிடலாம். எனக்குப் பிடிச்ச ரெண்டாவது நடை இதுதான்: கேபிள் கார்ல நாப் ஹில், கிரேஸ் கதீட்ரல், மியூசியம், சைனாடவுன் சந்துங்க.

லம்பார்ட் தெரு?

பாருங்க, ஆனா நடந்து பாருங்க. 1922ல போட்ட 8 வளைவு, கார்ல போனா முன்னாடி கார் பின்பக்கத்தத்தான் பாப்பீங்க. ஓரத்துல படி இருக்கு, பூவெல்லாம் பக்கத்துல. பத்து நிமிஷம் போதும்.

ஜூலை மாசம் வர்றோம், வெயில் எப்படி இருக்கும்?

வெயிலா? ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க. இத எத்தன தடவ சொன்னாலும் அரைக்கை சட்டையோட வந்து நடுங்கறாங்க. பசிபிக் தண்ணி அவ்வளவு சில்லுனு இருக்கும், உள்நாட்டுல வெயில் ஏற ஏற அங்க காத்து மேல எழும்பி, கடல்ல இருந்து மூடுபனிய உள்ள இழுத்துக்கும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இந்தக் கதைதான். ஊர்க்காரங்க அந்தப் பனிக்கு கார்ல்னு பேரே வச்சிருக்காங்க. நடக்குறவங்களுக்கு இதுல ஒரு சூட்சமம் இருக்கு, நடுவுல இருக்குற ட்வின் பீக்ஸ் மலை, 922 அடி, பனிய மறிச்சு நிறுத்தும். மேற்குப் பக்கம் ஒண்ணுமே தெரியாம இருக்கும்போது கிழக்குல மிஷன்னு சொல்ற பகுதிப் பக்கம் சுள்ளுனு வெயில் அடிக்கும். பாலத்துப் பக்கம் பனியா, கவலப்படாம மிஷனுக்கு பஸ் ஏறுங்க, பாலத்த மத்தியானத்துக்கு மேல பாத்துக்கலாம். செப்டம்பர், அக்டோபர்ல வர முடிஞ்சா அதுதான் நல்ல காலம்.

சமதளமா நடக்க எடமே இல்லையா? கொழந்தைக்கு ஸ்ட்ரோலர் வேற இருக்கு.

இருக்கே. ஃபெரி பில்டிங்ல இருந்து பியர் 39 வரைக்கும் எம்பார்கடேரோ, ஒன்றரை மைல், ஏத்தமே கிடையாது. ஏன்னா அது முன்னாடி தரையே இல்ல, மண்ணு கொட்டித் தூத்த கடல். தங்கம் தேடி வந்தவங்க அப்படியே விட்டுட்டுப் போன கப்பலுங்க கூட அங்க ஆபீஸ் கட்டடங்களுக்கு அடியில பொதைஞ்சு கெடக்கு. ஒரு காலத்துல அந்தக் கடலோரத்த மறைச்சு ரெண்டு அடுக்கு மேம்பாலம் இருந்துச்சு, 1989 பூகம்பத்துல அடி வாங்கினதும் இடிச்சுட்டாங்க, அதனாலதான் இன்னிக்கு நாம காத்தாட நடக்குறோம். இன்னொண்ணு கிரிஸி ஃபீல்டு, பாலத்தப் பாத்துக்கிட்டே கடலோரமா நடக்கலாம், சக்கர நாற்காலிக்கும் வசதி. படிக்கட்டு நடைக்கு மட்டும் ஸ்ட்ரோலர் வேண்டாம், கொழந்தைய முதுகுல இல்ல நெஞ்சுல கட்டிக்கிற பையில வச்சுக்குங்க.

கோல்டன் கேட் பாலத்துல நடக்கலாமா, காசு உண்டா?

நடக்கறவங்களுக்குக் காசு இல்ல. 28ஆம் நம்பர் பஸ் பக்கத்துலயே நிக்கும். ஒரு பக்கம் முழுசா நடந்தா 1.7 மைல், திரும்பி வரவும் அதேதான், அதனால முதல் கோபுரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பினாலே போதும், 746 அடி கோபுரத்த அடியில நின்னு நிமிந்து பாத்தா கழுத்து வலிக்கும். காத்து பலமா அடிக்கும், அம்மாக்கள் புடவைக்கு மேல ஒரு ஜாக்கெட் போட்டு ஜிப் போட்டுக்கறது நல்லது.

செருப்பு போட்டுட்டு நடக்கலாமா?

வேண்டாம்ங்க. ஈரப்பனி பட்ட செங்கல்லும் மரப்படியும் வழுக்கும், இறக்கத்துல வெரல் முன்னாடி போயி முட்டும். புடவை கட்டினாலும் கீழ ஷூ போடச் சொல்லுங்க. மொதல்ல கூச்சப்படுவாங்க, ஒரு தெரு இறங்கினதும் சரின்னுடுவாங்க.

சாப்பாடு, பாத்ரூம்?

வீட்லயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிட்டு வந்து டொலோரஸ் பார்க் புல்லுல உக்காந்து சாப்பிடுங்க, அதுக்கு ஈடே இல்ல, அங்கேர்ந்து ஊரோட உயரக் கட்டடம் எல்லாம் வரிசையாத் தெரியும். வாங்கிச் சாப்பிடணும்னா மிஷன் பகுதில பீன்ஸ் புரிட்டோ, கறி இல்லாமன்னு தெளிவாச் சொல்லிக் கேளுங்க, ஒண்ணு வாங்கினா ரெண்டு பேருக்கு வரும். பாத்ரூமுக்கு ஃபெரி பில்டிங், பெரிய பூங்காங்க, கிளை லைப்ரரிங்க. குன்று மேல ஏறிட்டா ஒண்ணும் இருக்காது, கீழயே முடிச்சுட்டு ஏறுங்க.

நடக்கறது பாதுகாப்பா? நியூஸ்ல என்னென்னமோ சொல்றாங்களே.

பகல்ல நான் சொன்ன எந்த நடையிலயும் எங்களுக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்ல. யூனியன் ஸ்கொயருக்கும் சிவிக் சென்டருக்கும் நடுவுல டெண்டர்லாயின்னு ஒரு பகுதி, வீடில்லாதவங்க, போதையில விழுந்து கெடக்குறவங்க நிறைய. மேப்பு குறுக்கு வழின்னு அதுக்குள்ள கூட்டிட்டுப் போகும், வயசானவங்க கூட இருந்தா பஸ்ல தாண்டிடுங்க. அவங்களும் கஷ்டத்துல இருக்குற மனுஷங்கதான், தயவுசெஞ்சு போட்டோ எடுக்காதீங்க. போன கையில ஆட்டிட்டு நடக்காதீங்க, அவ்வளவுதான்.

டொலோரஸ் பார்க் மூலையில தங்கக் கலர்ல ஒரு தண்ணிக் குழாய் இருக்காமே, அது என்ன?

அதப் பாக்கத்தான் நான் எல்லாரையும் அந்த மூலை வரைக்கும் ஏத்தறேன். 1906 ஏப்ரல் 18, காலைல 5:12க்கு பூகம்பம். அதவிடப் பெரிய அழிவு அப்புறம் மூணு நாள் எரிஞ்ச தீ. பூமிக்குள்ள இருந்த தண்ணிக் குழாயெல்லாம் உடைஞ்சு போச்சு, தீயணைக்கிற குழாயத் திறந்தா காத்துதான் வந்துச்சு. 20வது தெருவும் சர்ச் தெருவும் சேருற குன்று மேல இருந்த இந்தக் குழாய்ல தண்ணி வந்துச்சு. அந்த ஏத்தத்துல தீயணைப்பு வண்டிய இழுக்க குதிரைக்குத் தெம்பு இல்லாம, ஜனங்களே கயிறு கட்டி இழுத்து ஏத்தினாங்க. அங்கேயே தீய நிறுத்தி மிஷன் பகுதியக் காப்பாத்தினாங்க. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 18 விடியக்காலைல வந்து அதுக்குத் தங்கக் கலர் அடிக்கறாங்க. சின்ன குழாய்தான், கூட வந்தவங்க மொதல்ல இதுக்கா இவ்வளவு தூரம்னு பாப்பாங்க. கதையச் சொல்லிட்டு, ஏறி வந்த ஏத்தத்தக் காட்டுவேன். எங்க அத்தை ஒண்ணும் பேசல, குழாயத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. ஏற முடியாதவங்களுக்கு ஜே சர்ச் ட்ராம் பக்கத்துலயே நிக்கும்.

சாயங்காலம் சூரியன் மறையறத எங்க நின்னு பாக்கலாம்?

ட்வின் பீக்ஸ்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் கிராண்ட்வியூ பார்க்குக்குத்தான் போவேன். 'N ஜூடா'ங்குற ட்ராம்ல 16வது அவென்யூ பக்கம் இறங்கி மொராகா தெருவுக்கு நடந்தா 163 படி, ஒவ்வொரு படிக்கும் மொசைக் ஓடு, கீழ கடல்ல ஆரம்பிச்சு மீன், பூ, நிலா, உச்சில சூரியன். 2005ல அந்தத் தெருக்காரங்களே சேந்து பண்ணது, உத்துப் பாத்தா ஓட்டுல குடும்பங்களோட பேரெல்லாம் இருக்கும். ஒரேயடியா ஏறாதீங்க, நின்னு நின்னு பேரப் படிச்சுட்டே ஏறினா களைப்பு தெரியாது. அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் படி ஏறினா 666 அடி உச்சி, மேற்க பாத்தா வரிசை வரிசையா வீடு, அதுக்கப்புறம் பசிபிக். பனி இல்லாத நாளா பாத்துப் போங்க. சூரியன் போனதும் குளிரும் சட்டுனு எறங்கும், மேல படியில விளக்கு இல்ல, போன்ல டார்ச்சப் போட்டுட்டு கம்பியப் பிடிச்சு இறங்குங்க, முட்டி வலி இருக்குறவங்கள முன்னாடி விட்டு அவங்க வேகத்துலயே எல்லாரும் வாங்க.